ஒலியொப்புமையும் சொற்பிறப்பும்: ஆங்கிலக் ‘கேஷ்’, தமிழ்க் ‘காசு’

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல் தமிழ்க் ‘காசு’ என்பதிலிருந்து பிறந்தது என்னும் கருத்து தமிழ் வாசகரிடையே பரவலாக நிலவுகிறது. ஆங்கில அகராதிகளோ ஒரே எழுத்து வடிவுடைய இரண்டு ‘கேஷ்’களைத் தனித்தனித் தலைச்சொற்களாகத் தருகின்றன. ஒன்று, பெட்டி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்து ரொக்கத்தைக் குறிப்பது. மற்றொன்று, தென்னிந்தியக் ‘காசு’ போர்ச்சுகீசிய மொழி வழியாகச் சென்று சிறு நாணயத்தைக் குறிப்பது. இவ்விரு சொற்களின் ஒலி, பொருள், காலம், பரவிய வழி ஆகிய நான்கையும் ஒப்பிட்டு, தமிழுக்குரிய பங்கு எது, உரியதல்லாதது எது என்பதை இக்கட்டுரை வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: கேஷ், காசு, சொற்பிறப்பியல், கடன்சொல், ஆகுபெயர், ஒப்புருச்சொல், நாணயவியல்.

முன்னுரை

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொற்கள் எனத் தொகுக்கப்படும் பட்டியல்களில் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றோடு ‘காசு’ம் இடம்பெறுவது வழக்கம். முதல் மூன்றும் ஐயத்திற்கு இடமற்றவை. அவை குறிக்கும் பொருள்கள் தமிழகத்தோடு தொடர்புடையவை. ஆங்கிலேயர் அப்பொருள்களையும் பெயர்களையும் ஒருங்கே பெற்றனர். ‘காசு’ அவ்வாறு எளிதில் முடிவு செய்யத்தக்கதன்று. ‘கேஷ்’, ‘காசு’ ஆகிய இரண்டும் ஒலியால் நெருங்கியவை. இரண்டும் பணத்தைக் குறிப்பவை. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்தபின் வேறு சான்று எதற்கு என்னும் எண்ணம் எழுவது இயல்பு. சொற்பிறப்பாய்வு அவ்விரண்டோடு நிறைவடைவதில்லை. ஒரு சொல் எப்போது, யார் வழியாக, எந்தப் பொருளில் மற்றொரு மொழிக்குள் நுழைந்தது என்பதையும் அது நிறுவுதல் வேண்டும். இச்சொல்லை அந்நெறியில் ஆராயுமிடத்துப் பொதுக் கருத்தின் ஒரு பாதி வழுவென்றும் மறுபாதி மெய்யென்றும் தெளிவாகிறது.

இக்கட்டுரையில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் சொல் ‘முதற் கேஷ்’ எனவும், சிறு நாணயத்தைக் குறிக்கும் சொல் ‘இரண்டாம் கேஷ்’ எனவும் சுட்டப்படுகின்றன.

1. முதற் கேஷ்: பெட்டியைக் குறித்த சொல்

முதற் கேஷ் ஆங்கில எழுத்துச் சான்றுகளில் 1590-களில் தோன்றுகிறது. அக்காலத்தில் அது பணத்தை மட்டுமின்றிப் பணம் வைக்கும் பெட்டியையும் குறித்தது. ஜான் ஃபுளோரியோ 1598-இல் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில், பெட்டி எனப் பொருள்படும் ‘காஸ்ஸா’ என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் தந்த விளக்கங்களுள் வணிகரின் ‘கேஷ்’ என்பதும் ஒன்றாக அமைகிறது. அவர் அதனால் சுட்டியது வணிகர் பணம் வைக்கும் இடத்தையே ஆகும். பெட்டி என்னும் பொருள் பின்னர்ப் படிப்படியாக மறைந்து, 18-ஆம் நூற்றாண்டில் பணம் என்னும் பொருள் மட்டுமே எஞ்சியது.

இச்சொல் ஆங்கிலத்திற்கு வந்த வழியும் தெளிவானது. இலத்தீனில் ‘காப்சா’ என்பது பெட்டியைக் குறித்தது. உரோமர்கள் ஏட்டுச் சுருள்களை இட்டு வைத்த உருளைப் பேழைக்கும் அதுவே பெயர். ‘கொள்ளுதல், பற்றுதல்’ என்னும் பொருளுடைய ‘காபெரே’ என்னும் வினையடி அதன் மூலம். இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளில் இது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ எனவும், புரோவென்சால் மொழியில் ‘காய்ஸ்ஸா’ எனவும், பிரெஞ்சில் ‘கெஸ்’ எனவும், போர்ச்சுகீசியத்தில் ‘காய்ஷா’ எனவும் வழங்கியது. இத்தாலிய அல்லது புரோவென்சால் வடிவத்திலிருந்து பிரெஞ்சுக்கும், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கும் சொல் பெயர்ந்தது. இம்மொழிகளில் இச்சொல்லின் வடிவங்கள் இன்றும் பெட்டி, பணப்பெட்டி, பணம் செலுத்துமிடம் ஆகிய பொருள்களைத் தருகின்றன.

காலச் சான்று இங்கு முதன்மையானது. லூக்கா பாச்சோலி என்னும் இத்தாலியக் கணித அறிஞர் 1494-இல் வெனிசு நகரில் வெளியிட்ட நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்குகையில் ‘காஸ்ஸா’ என்பதை ரொக்கக் கணக்கின் பெயராகவே ஆள்கிறார். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்த ஆண்டு 1498. போர்ச்சுகீசியர் கடல்வழியே தென்னிந்தியாவை அடைவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே பெட்டியின் பெயர் ரொக்கத்தைக் குறிக்கும் கணக்கியல் சொல்லாக ஐரோப்பாவில் அச்சேறிவிட்டது. ஆதலின் முதற் கேஷின் பிறப்பைத் தமிழகத்தோடு இணைக்க இயலாது.

2. ஒலிமாற்ற நெறி

முதற் கேஷின் இறுதியிலுள்ள ‘ஷ்’ ஒலி விளக்கம் வேண்டுவது. பிரெஞ்சில் ‘ஸ்’ ஒலியுடன் முடியும் சொல் ஆங்கிலத்தில் ‘ஷ்’ பெற்றது ஏன்? இது தனித்த நிகழ்வன்று. நாயைக் கட்டும் வாரைக் குறிக்கும் ‘லெஸ்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் ‘லீஷ்’ ஆயிற்று. மறைவட்டத்தைக் குறிக்கும் ‘பருவாஸ்’ என்பது ‘பேரிஷ்’ ஆயிற்று. ‘முடி’ என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையின் ‘ஃபினிஸ்’ என்னும் அடி ‘ஃபினிஷ்’ ஆயிற்று. பல சொற்களில் ஒரே திசையில் நிகழும் மாற்றம் நெறியெனக் கொள்ளத்தக்கது. அந்நெறியே ‘கெஸ்’ என்பதைக் ‘கேஷ்’ ஆக்கியது. ‘காசு’ என்பதன் நெடில் முதலும் உகர ஈறும் நேரே ‘கேஷ்’ ஆனதாகக் கொள்வோர், அதே மாற்றத்தை அடைந்த பிற தமிழ்ச் சொற்களையும் காட்ட வேண்டும். ‘சுருட்டு’ம் உகர ஈற்றை இழந்தே ஆங்கிலத்தில் வழங்குகிறது, எனவே ஈறு கெடுதல் சிக்கலன்று. தமிழில் இரு உயிர்களுக்கு இடையே ‘ஸ’ போல ஒலிக்கும் சகரம் ‘ஷ’ ஆனதே விளக்கம் வேண்டுவது. அவ்விளக்கம் இரண்டாம் கேஷின் வரலாற்றில்தான் கிடைக்கிறது.

3. கலத்தின் பெயர் பொருளுக்கு ஆதல்

பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்திற்கு ஆனமையைத் தமிழ் இலக்கண மரபு இடவாகுபெயராகக் கொள்ளும். ‘விளக்கு முறிந்தது’ என்புழி, தண்டின் மேல் இருக்கும் விளக்கின் பெயர் தண்டுக்கு ஆவது தானியாகுபெயர். ‘கேஷ்’ இதற்கு எதிர்த்திசையில், இடத்தின் பெயர் அவ்விடத்துப் பொருளுக்கு ஆயது.

இவ்வாகுபெயர் வழக்கு பணம் சார்ந்த சொற்களில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. அரசின் வருவாய் சார்ந்தவற்றைக் குறிக்கும் ‘ஃபிஸ்கல்’ என்னும் ஆங்கிலச் சொல், கூடை எனப் பொருள்படும் இலத்தீன் ‘ஃபிஸ்கஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘பட்ஜெட்’ என்பது சிறு தோற்பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தமிழிலும் இதற்கு இணைகள் உண்டு. ‘கிழி’ என்பது துணி. துணியில் முடிந்து தரப்பட்ட பொன் ‘பொற்கிழி’ எனவும், பின்னர்க் ‘கிழி’ எனத் தனித்தும் வழங்கியது. ‘பணமுடிப்பு’ என்பதும் முடிந்த வடிவையே பெயராகக் கொண்டது. கடைகளில் பணப்பெட்டியைக் குறிக்கும் ‘கல்லா’ என்னும் சொல், இன்றைய பேச்சில் ‘கல்லா கட்டுதல்’ என்னும் தொடரில் வசூலையே குறிக்கிறது. 400 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ கடந்த படியைத் தமிழ்க் ‘கல்லா’ இப்போது கடந்து வருகிறது எனலாம். ஆகவே முதற் கேஷின் பொருள் வளர்ச்சி தன்னளவில் முழுமையானது. அதற்கு வெளியிலிருந்து விளக்கம் தேவைப்படவில்லை.

4. தமிழில் காசு

தமிழ்க் காசின் பொருட்பரப்பு நாணயத்தில் தொடங்குவதாகத் தெரியவில்லை. சங்க இலக்கியத்தில் அணிகலனில் கோக்கப்படும் பொன்மணி முதலியவை காசு எனப்பட்டன. குறுந்தொகையின் 67-ஆம் பாடலில், கிளி தன் அலகில் பற்றிய வேப்பம்பழத்திற்கு, பொற்கொல்லன் நூலில் கோக்கும் பொற்காசு உவமையாகிறது. இன்றும் வழங்கும் காசுமாலை அப்பொருளின் தொடர்ச்சி. ‘காசறு’ என்னும் சிலப்பதிகார ஆட்சியில் காசு என்பது குற்றம் என்னும் பொருள் தருகிறது. இது வேறொரு சொல்லாகவே கொள்ளத்தக்கது. யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்றாகவும் ‘காசு’ நிற்கிறது.

நாணயப் பெயராகக் காசு பெருவழக்குப் பெற்றதைச் சோழர் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு என்பது பொன் நாணயம்; அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு ‘அக்கம்’. கோயில் முதலிலிருந்து கடன் பெற்ற ஊரார் ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசையாகச் செலுத்த வேண்டும் என அக்கல்வெட்டுகள் விதிக்கின்றன. அதாவது வட்டி வீதம் 12½ விழுக்காடு. இக்காசு பின்வந்த நூற்றாண்டுகளில் மதிப்பிறங்கி, செம்பில் அடிக்கப்பட்ட மிகச் சிறு நாணயத்தின் பெயராயிற்று. ஐரோப்பியர் அறிந்த காசு இச்செப்புக் காசே. இவ்வேறுபாடு இரண்டாம் கேஷின் பொருளை அறுதியிட உதவுகிறது.

5. காசு ‘கேஷ்’ ஆன வழி

1510-இல் அச்சான தம் பயண நூலில் இத்தாலியப் பயணி லுதோவிகோ தி வர்த்தேமா, விசயநகரப் பேரரசில் வழங்கிய சிறு நாணயத்தைக் ‘காஸ்’ எனக் குறிக்கிறார். உகர ஈறு நீங்கிய வடிவம் இது. சகரம் ‘ஸ்’ ஒலியுடனே நிற்கிறது, ‘ஷ்’ ஒலி இன்னும் தோன்றவில்லை. போர்ச்சுகீசியர் இதனைக் ‘காய்ஷா’ என வழங்கத் தொடங்கியபோதே அவ்வொலி வந்து சேர்கிறது.

இவ்விடம் கருதத்தக்கது. பெட்டி எனப் பொருள்படும் ‘காய்ஷா’ என்னும் சொல் போர்ச்சுகீசியத்தில் முன்பே உண்டு. அது இலத்தீன் ‘காப்சா’வின் வழிவந்தது. புதிதாகக் கேட்ட ‘காசு’ என்னும் அயற்சொல்லைப் போர்ச்சுகீசியர் தமக்குப் பழக்கமான ‘காய்ஷா’வின் வடிவில் வார்த்தனர். ஆக, முதற் கேஷின் மூலச்சொல்லும் தென்னிந்தியக் காசும் முதன்முதலில் ஒரே வடிவு பெற்றது ஆங்கிலத்திலன்று, போர்ச்சுகீசியத்தில். ஆங்கிலத்தில் இரண்டாம் முறை நிகழ்ந்த இணைவு அதன் எதிரொலியே. பிறப்பால் தொடர்பற்ற இரு சொற்கள் வடிவால் ஒன்றாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

போர்ச்சுகீசியர் இப்பெயரைத் தென்னிந்திய நாணயத்தோடு நிறுத்தவில்லை. மலாய்த் தீவுகளிலும் சீனத்திலும் கண்ட சிறு நாணயங்களுக்கும் அதையே இட்டனர். லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரரின் பயணநூல் 1598-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, சாவகப் பகுதியின் செப்பு நாணயத்தைக் குறிக்க இச்சொல் அதில் இடம்பெற்றது. நடுவே சதுரத் துளையுடன் கயிற்றில் கோக்கப்படும் சீன நாணயங்கள் ஆங்கிலத்தில் இன்றும் ‘கேஷ்’ என்றே அழைக்கப்படுகின்றன. சீன மொழியில் அந்நாணயத்திற்கு அப்பெயர் இல்லை. தென்னிந்தியச் சொல்லொன்று போர்ச்சுகீசியர் வாயிலாகக் கீழைக்கடல் முழுதும் பரவி, சீன நாணயத்திற்கு ஆங்கிலப் பெயரானது என்பது உறுதி.

சென்னையில் ஆங்கிலேயரின் கணக்கு முறையிலும் இச்சொல் நிலைபெற்றது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். எனவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்திற்கென இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் சோஹோ அச்சகத்தில் 1803-இலும் 1808-இலும் அடித்த செப்பு நாணயங்களில் எண்ணுடன் ‘கேஷ்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டது. 1808 ஆண்டு பொறித்த நாணயங்களைச் சுமந்து புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்நாணயங்கள் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. 1818-இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் முறை வந்தபின் காசுக் கணக்கு அங்கு வழக்கொழிந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்னும் கணக்கு 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.

இலக்கண நடத்தையும் இரு சொற்களையும் பிரித்துக் காட்டுகிறது. முதற் கேஷ் ஆங்கிலத்தில் எண்ணப்படாப் பெயர். அதன் முன் எண்ணுப்பெயர் வருவதில்லை. இரண்டாம் கேஷ் எண்ணப்படும் பெயர். பத்து, இருபது என்னும் எண்களை ஏற்று, பன்மை விகுதியின்றி நிற்பது. நாணயங்களின் மேல் எண்ணோடு பொறிக்கப்பட்டது இரண்டாம் கேஷே. ஒரே சொல்லின் இரு பொருள்களாயின் இத்தகைய வேறுபாட்டிற்குத் தனி விளக்கம் வேண்டும். இரு சொற்களெனக் கொள்ளின் அது இயல்பாகவே விளங்கும்.

6. காசின் மூலம் பற்றிய கருத்து வேறுபாடு

இரண்டாம் கேஷின் மூலம் எம்மொழிக்குரியது என்பதிலும் நுணுக்கம் தேவை. யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, போர்ச்சுகீசிய வடிவம் தமிழ்க் காசிலிருந்தோ ஏதேனும் கொங்கணி வடிவிலிருந்தோ தோன்றியிருக்கலாம் என்கிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் காசு என்னும் சொல் உண்டு. சிங்களத்தில் ‘காசி’ என்பது நாணயத்தின் பொதுப்பெயர். வர்த்தேமா அதனைக் கேட்டது விசயநகர ஆட்சிப்பகுதியில். ஆகவே தென்னிந்திய மொழிகளின் பொதுச்சொல்லாகக் காசைக் கொண்டு, அதன் நெடிய எழுத்துச் சான்று தமிழிலுள்ளது எனக் கூறுதல் பொருந்தும்.

அவ்வகராதி காசு என்பதை எடையளவைக் குறிக்கும் வடமொழிக் ‘கர்ஷ’ என்பதனோடு இணைத்தது. பின்வந்த ஆங்கில அகராதிகள் பலவும் அதனைப் பின்பற்றின. பொன்மணியைக் குறிக்கும் சங்க கால ஆட்சி இக்கருத்தை மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது. எடையிலிருந்து நாணயம் பிறத்தல் இயல்பு. எடையிலிருந்து கோக்கும் மணி பிறத்தல் அவ்வளவு இயல்பன்று. தமிழ் ஆய்வாளர் கவனம் செலுத்த வேண்டிய உண்மையான வினா இதுவே. முதற் கேஷைத் தமிழுக்கு உரிமையாக்கும் முயற்சி இவ்வினாவை மறைத்துவிடுகிறது.

7. ஒலியொப்புமையின் எல்லை

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் ஒலித்தொடரைக் கொண்ட பிற சொற்கள் ஒலியொப்புமையின் வலுவின்மையை நன்கு காட்டும். பணம் கையாளும் அலுவலரைக் குறிக்கும் ‘கேஷியர்’ பெட்டிவழிச் சொல். பதவி நீக்குதலைக் குறிக்கும் அதே வடிவுடைய வினைச்சொல்லோ, ‘செல்லாததாக்கு’ என்னும் பொருளுடைய வேறொரு மூலத்திலிருந்து டச்சு வழியாக வந்தது. முந்திரியைக் குறிக்கும் ‘கேஷ்யூ’ பிரேசில் நாட்டுத் தூப்பி மொழிச் சொல். போர்ச்சுகீசியர் வழிப் பரவியது. ‘கேஷ்மியர்’ என்னும் கம்பளித்துணிப் பெயர் காஷ்மீரத்தின் பெயர். இரண்டாம் கேஷையும் சேர்த்து எண்ணின், ஒரே ஒலித்தொடருக்கு ஐந்து வெவ்வேறு மூலங்கள் உள்ளமை தெளிவு.

தமிழில் தற்காலத்தில் ஆக்கப்பட்ட சொற்களும் மயக்கத்திற்கு வழி செய்கின்றன. ‘கேஷியர்’ என்பதற்குக் ‘காசாளர்’ என்பது பொருளாலும் அமைப்பாலும் சிறந்த ஆக்கம். காசு, ஆளர் என்னும் இரு தமிழ்க் கூறுகளால் ஆனது. ஒலியாலும் அது ஆங்கிலச் சொல்லை நெருங்கி நிற்பதால், பிற்கால மொழிபெயர்ப்பே முற்காலப் பிறப்பிற்குச் சான்றாகத் தோற்றமளிக்கிறது. பெயர்ப்புச் சொல்லின் சிறப்பு வேறு. மூலச்சொல்லின் வரலாறு வேறு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஷ்’, இலத்தீன் ‘காப்சா’வின் வழிவந்தது. ஐரோப்பியர் கடல்வழியே தென்னிந்தியாவை அடையும் முன்னரே அதன் இத்தாலிய வடிவம் ரொக்கக் கணக்கின் பெயராக அச்சேறியமை இதற்குத் தக்க சான்று.

2. சிறு நாணயத்தைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஷ்’, தென்னிந்தியக் ‘காசு’ போர்ச்சுகீசிய வடிவு பெற்றுச் சென்றது. சீன, மலாய் நாணயங்களுக்கும் அது பெயரானது.

3. இவ்விரண்டும் வடிவால் ஒன்றியது முதலில் போர்ச்சுகீசியத்திலும் பின்னர் ஆங்கிலத்திலும் நிகழ்ந்தது.

4. ஒலி, பொருள் ஆகியவற்றின் ஒப்புமை ஆய்வுக்குத் தொடக்கமாகலாம். காலமும் வழியும் நிறுவப்பட்ட பின்னரே அது முடிவாகும்.

தமிழுக்குரியதல்லாத சொல்லை விட்டுக்கொடுத்தலால் தமிழுக்கு இழப்பு ஏதுமில்லை. காசு என்னும் சொல் மணியாகவும் பொன்னாகவும் செம்பாகவும் வழங்கி, கீழைக்கடல் வணிகத்தின் சிற்றலகுப் பெயராகச் சீனம் வரை சென்ற வரலாறு சான்றுகளோடு நிற்பது. சான்றற்ற உரிமை கோரல் சான்றுள்ள உரிமையையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். பிறமொழிகளில் தமிழ்ச் சொற்கள் எனத் தொகுக்கப்பட்டுள்ள பட்டியல்கள் ஒவ்வொன்றும் இந்நான்கு அளவைகளால் மீளாய்வு செய்யப்படுதல் வேண்டும்.